மேல்குழல்

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

காலையிலிருந்து இடுப்பு ஒடிகிற வேலை. பயிற்சிக் கார்கள் இரண்டையும் கழுவி, ஸ்டியரிங்குக்கு மாலை போட்டு, 'எல்' போர்டுக்குக்கூடப் பொட்டு வைத்தாயிற்று. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு வருடத்தில் இந்த ஒருநாள்தான் நிம்மதி. எவன் காலும் கிளட்சில் படாது.

மத்தியானம் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வந்து கூடத்தில் பாய் விரித்து வைத்தேன். பானு சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். சுண்டல் வாசனை அடுத்த தெருவரைக்கும் போயிருக்கும். என்னைவிட எட்டு வயது சின்னவள், கூடப் பிறந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று பாவம் பார்த்து துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப் போனது நான். என் துப்பாக்கியையே கையில் கொடுத்துக் களிமண் தட்டைச் சுடச் சொன்னதும் நான். லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. நான் பக்கத்தில் இருந்தால்தான் அவள் அதைத் தொடலாம்.

அரிசி அளவுக்கு ஒரு பொட்டைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"என்ன புள்ள, பொட்டு வெக்கறயா, கோலத்துக்குப் புள்ளி வெக்கறயா?" என்றேன்.

"கறை புடிச்சுக்குங்க்கா. பாலீஷ் போட்ட மரம்."

சாமி காரியத்தில்கூடக் கஞ்சத்தனம். நான் சந்தனத்தில் பன்னீர் விட்டுக் குழைத்து, கட்டையில் ஒன்று, இரண்டு குழலுக்கும் ஒவ்வொன்று, விசைக்குப் பக்கத்தில் நன்றாக ஒரு அப்பு அப்பினேன். சுடுகிற இடமே அதுதானே, அங்கே வைக்காமல் வேறு எங்கே வைப்பது? குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியதும் துப்பாக்கி கல்யாணப்பெண் மாதிரி இருந்தது. பானு போனில் படம் எடுத்துக்கொண்டாள். சுண்டலையும் கட்டிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

துப்பாக்கி காலை வாரிவிட்டது.

பயிற்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தட்டை விடச் சொல்லி 'புல்' என்று கத்தினேன், குழியிலிருந்து தட்டு கிளம்பியது. கீழ்க்குழலால் சுட்டேன். காற்றோ என்னவோ, தட்டு தப்பிவிட்டது. சரி, மேல்குழல் எதற்கு இருக்கிறது? ஒரு தட்டுக்கு இரண்டு குண்டு உண்டு. முதலாவது தவறினால் இரண்டாவது காப்பாற்றத்தான் இரட்டைக்குழல். மறுபடி விசையை இழுத்தேன். செத்துக் கிடந்தது. தட்டு பாட்டுக்குப் போய்ப் புல்லில் முழுசாக உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

ஆத்திரத்தில் துப்பாக்கியைப் பட்டென்று திறந்தேன். ஜெயசீலன் சார் பின்னாலிருந்து ஓடி வந்தார். கிளப்பில் நடுவர் அவர்தான், பயிற்சி கொடுப்பதும் அவர்தான்.

"மேடம், தொறக்காதீங்க, தொறக்காதீங்க! அப்படியே புடிச்சுட்டு நின்னாத்தான என்ன கோளாறுன்னு நான் பாக்க முடியும்? தொறந்து மூடுனா எல்லாம் பழையபடி ஆயிருமுங்க."

திறந்தாயிற்று. பழையபடியும் ஆகிவிட்டது. அடுத்த தட்டுக்கு இரண்டு குழலும் ஒழுங்காக வெடித்தன. சுற்று முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை செத்தது.

பிறகு பானு அதே துப்பாக்கியை வாங்கி ஒரு சுற்று சுட்டாள். டப் டப்பென்று தட்டுகள் உடைந்துகொண்டே இருந்தன. முடித்துவிட்டு வந்து, "எனக்கு ஒண்ணுமே ஆகுலயேக்கா" என்றாள். அந்த மூஞ்சியை அப்பாவி மாதிரி வைத்துக்கொள்ள எங்கேதான் கற்றாளோ.

அக்டோபர் 14, திங்கள்

தோட்டாவில்தான் கோளாறு. கடைக்காரனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். வேறு மாற்றித் தருகிறானாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

இரவெல்லாம் மழை. மைதானம் சொதசொதவென்று கிடந்தது. புதுத் தோட்டா, நல்ல பலமான தோட்டா, தோளே வலிக்கிறது. அப்படியும் நான்கு தடவை மேல்குழல் பேசவில்லை.

ஜெயசீலன் சார் எல்லோரையும் வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார்.

"மொதக் குண்டு வெடிக்கறப்ப துப்பாக்கி பின்னால ஒதைக்குதில்லீங்களா, அந்த ஒதையிலதான் உள்ள ஒரு எடைக்கட்டி ஆடும். அது ஆடுனாத்தான் விசை மேல்குழலுக்கு மாறும். ஆனா நீங்க வெரலையும் முழுசா விட்டுட்டு மறுபடி இழுக்கோணும். பாதி விட்டாப் பத்தாது." அத்தோடு விட்டிருக்கலாம். "நீங்க ஹாஃப் கிளட்ச்லயே வண்டி ஓட்டறீங்க மேடம்" என்றார்.

கொல்லென்று சிரித்தார்கள். யாரிடம் சொல்கிறார் ஹாஃப் கிளட்ச் என்று? பொள்ளாச்சியில் பாதிப் பேருக்குக் கிளட்சை விடச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த லொள்ளுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

சிரித்தவர்களில் பானுவும் உண்டு. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

அக்டோபர் 21, திங்கள்

வெடித்த தோட்டாவின் காலிக் குப்பியைப் போட்டு வீட்டுக்குள்ளேயே விரலை விட்டு விட்டு இழுத்துப் பழகினேன். விரல் முழுசாகத்தான் விடுகிறது. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுப் போனார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை போட ஆளாவது கிடைத்திருக்கும்.

அக்டோபர் 24, வியாழன்

கோயமுத்தூர் போனேன். துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற பெஞ்சமினிடம் காட்டினேன். அந்த ஆள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், துப்பாக்கியின் அடிக்கட்டையை ரப்பர் பாயில் தொம்மென்று ஒரு குத்துக் குத்தினார். உள்ளே டக்கென்றது. விசையை இழுத்தார், மேல்குழல் டிக்கென்றது. மறுபடி குத்தினார், மறுபடி டிக்.

"துப்பாக்கி தங்கமா இருக்குதுங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நான் அப்படிச் சொன்னனுங்களா?"

"மூஞ்சி சொல்லுது."

மழைக்காலம், எண்ணெய் காய்ந்திருக்கும் என்று விசை இருக்கிற சந்துக்குள் எண்ணெயைப் புஸ்ஸென்று அடித்துக் கொடுத்து அனுப்பினார். திறந்து பார்க்கவே இல்லை. போகவர முழுக்க லாரி நெரிசல், எனக்கு முன்னால் போன எவனுக்கும் கியர் மாற்றத் தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

எண்ணெய் அடித்த பிறகு முன்னைவிட மோசம். மேல்குழல் மாமியார் மாதிரி, நினைத்தால் பேசுகிறது, இல்லாவிட்டால் இல்லை.

இன்று இன்னொரு விஷயம். மாவட்டப் பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் பழைய ஆட்கள், அவர்கள் இடம் உறுதி. மூன்றாவது இடம் எனக்கா பானுவுக்கா என்று டிசம்பர் முதல் தேதி தேர்வுப் போட்டி வைக்கிறார்களாம். மூன்று சுற்று, எழுபத்தைந்து தட்டு. அதிகம் உடைக்கிறவள் மாநிலப் போட்டிக்குப் போவாள்.

எனக்கு இது வேண்டும். பூசி மெழுக ஒன்றுமில்லை, வேண்டும். பதினோரு வருடமாக இந்த கிளப்பில் சுடுகிறேன். ஒவ்வொரு வருடமும் மாநிலப் போட்டிக்குப் போகிறவர்களை என் காரில்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டி, காலி காரோடு திரும்பி வருகிறேன். ஒருதடவை நானும் பெட்டியோடு ஏற வேண்டும். எவளாவது வெளியே நின்று எனக்குக் கையாட்ட வேண்டும்.

திரும்பும்போது காரில் பானு சொன்னாள்: "மொதக் குண்டுலயே அடிச்சுட்டா ரெண்டாவதுக்கு வேலையே இல்லையேக்கா. எனக்கு மேல்குழல் வெடிக்குதா இல்லையான்னே தெரியல, அதுகிட்டப் போறதே இல்ல."

காரை ஓரம் கட்டினேன். "நீ என்ற துப்பாக்கிய என்ன பண்ணுன?"

"நான் என்ன பண்ணுவேன்?"

"ஆயுத பூசை வரைக்கும் நல்லா இருந்துச்சு. அன்னைக்கு நீ வந்து தொட்ட. அதுக்கப்பறந்தான் இந்த நோக்காடு."

"பீரோ சாவி உன்ற இடுப்புல தொங்குது. நீ இல்லாம நான் அதைத் தொடவே முடியாது. கொஞ்சமாச்சும் ரோசன பண்ணிப் பேசு."

பதிலை ரெடியாக வைத்திருந்தாள். தப்பு செய்யாதவளுக்கு எதற்குப் பதில் ரெடியாக இருக்க வேண்டும்? இறங்கி பஸ்ஸில் போய்விட்டாள். போகட்டும்.

அக்டோபர் 31, தீபாவளி

பானு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினாள். டப்பாவைக் காலியாகத் திருப்பக்கூடாது என்பதால் அதிரசம் வைத்து அனுப்பினேன். மற்றபடி பேச்சு இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

இனிமேல் என் துப்பாக்கி அவளுக்குக் கிடையாது என்று ஜெயசீலன் சாரிடம் சொல்லிவிட்டேன். பானு கிளப்பில் இருக்கிற பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். உலக்கை கனம், இரண்டு குழலுக்கும் தனித்தனி விசை, கட்டையில் விரிசல். அதை வைத்துக்கொண்டும் உடைத்தாள். வேண்டுமென்றே உடைத்தாள்.

காலையில் தூறல். என்னுடையதில் மேல்குழல் மூன்று தடவை செத்தது. அவள் கை படாமலேயே வந்துவிட்டதே என்று யாராவது கேட்கலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் செய்தது இன்னும் உள்ளே இருக்காதா?

நவம்பர் 10, ஞாயிறு

நாலைந்து நாளாக நல்ல வெயில். இன்று ஒரு தடவைகூட மக்கர் இல்லை. மேல்குழலைப் பலமுறை கூப்பிட்டேன், கூப்பிட்ட போதெல்லாம் வந்தது.

"வெய்யலடிச்சா நல்லாருக்குது, மழை பேஞ்சா மக்கர் பண்ணுது" என்றார் ஜெயசீலன் சார். "உள்ள ஏதோ ஈரங் குடிச்சு ஊதுதுங்க மேடம். எண்ணெய் அடிச்சாப் பத்தாது. முழுசாக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். பின்னே, அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

நவம்பர் 13, புதன்

பெஞ்சமின் கடையில் அரைநாள். பக்கத்திலேயே நின்றேன், இந்தத் தடவை ஏமாற முடியாது. கட்டையைக் கழற்றினார். திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடைக்கட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் முழுக்க வெளிர் மஞ்சளாக அடை. எண்ணெய் பட்டு ஊறிக் களி மாதிரி ஆகியிருந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தார்.

"சாமி கும்புட்டீங்களாங்க மேடம்?"

சந்தனம். விசைக்குப் பக்கத்துச் சந்து வழியாக இறங்கி எடைக்கட்டியில் போய் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் காய்ந்து கிடக்கும், மழை என்றால் ஊறிப் பிடித்துக்கொள்ளும். அடைக்கு அடியில் துரு வேறு. அவர் குத்திய குத்தில் அது எப்படி ஆடாமல் இருக்கும் என்று கேட்டேன். "அந்தக் குத்துக்கு அம்மிக்கல்லே ஆடுமுங்க" என்று பல்லைக் காட்டினார். முதல் தடவையே கழற்றியிருக்க வேண்டியதுதானே மனுஷா என்றதற்குத் திருகாணிகளை எண்ண ஆரம்பித்தார்.

துருவைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தார். ஆனால் ஒரு பக்கம் குழி விழுந்துவிட்டதாம். புதுக்கட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இந்த வருடம் வராது. "இப்பத்திக்கு ஓடும். எப்பவாச்சும் ஒருக்கா மாட்டலாம். ஏதுன்னு சொல்ல முடியாது."

நேரே பானு வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சந்தனத்த வெச்சு என்ற துப்பாக்கியக் கெடுத்துட்டயேடி!"

"நானா? நான் தம்மாத்தூண்டு பொட்டு கட்டையில வெச்சேன். நீதான பன்னீர ஊத்திக் கொழச்சு அப்புன? கல்யாணப் பொண்ணாட்ட இருக்குதுன்னு வேற சொன்ன."

"நான் வெச்சது வெளிய. உள்ள எப்படிப் போகும்?"

"அத துப்பாக்கியக் கேளு."

பேச்சைப் பார். நான் வைத்தது வெளியேதான். பன்னீர் இரண்டு சொட்டு வழிந்தது உண்மை, அதையும் முந்தானையால் துடைத்துவிட்டேன். அவள் முதலில் பொட்டு வைத்ததால்தானே நான் வைக்க வேண்டி வந்தது? இல்லாவிட்டால் விபூதியோடு முடித்திருப்பேன். மூலகாரணம் யார் என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த சந்தன வில்லைகளைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பழசாகிவிட்டன, அதனால்தான்.

நவம்பர் 14, வியாழன்

பானுவுக்குப் போன் செய்யவில்லை. செய்ய ஒன்றுமில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஜெயசீலன் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். காபி குடிக்கிற வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு ஆரம்பித்தார்.

"தேர்வுப் போட்டிக்குப் பானு மேடத்துக்கும் உங்க துப்பாக்கியக் குடுத்துருங்க. அவங்க மொத பேட்ச்சுல சுடட்டும், நீங்க ரெண்டாவது பேட்ச்சுல சுடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கின்னா யாரும் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது பாருங்க."

"சாக்கு எனக்கெதுக்குங்க சார்?"

"உங்களுக்குன்னு நான் சொல்லலீங்களே."

கொடுத்துவிடுகிறேன் என்றேன். கிளப்பின் ஓட்டைத் துப்பாக்கியால் சுட்டுத் தோற்றாள் என்று நாளைக்கு ஊர் பேசக்கூடாது. தோற்றால் நல்ல துப்பாக்கியால் தோற்கட்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

இருவரும் அதே துப்பாக்கியால் பயிற்சி. "ம்" என்று நீட்டினேன், "ம்" என்று வாங்கினாள். மக்கர் இல்லை.

நவம்பர் 30, சனி

மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் அந்த அம்மனுக்கும்தான் தெரியும். சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பானு முதலில் சுட்டாள், பிறகு துப்பாக்கி என் கைக்கு வந்தது. குழல் சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொள்வேன். முதல் இரண்டு சுற்றில் அவள் கை மேலே. மூன்றாவது சுற்றில் அவளுக்கு என்ன ஆயிற்றோ, வரிசையாக விட்டாள். மொத்தம் அறுபத்தொன்று. நான் கடைசிச் சுற்றில் பேய் பிடித்த மாதிரி சுட்டேன். கடைசித் தட்டுக்கு வந்து நின்றபோது என் கணக்கு அறுபது. உடைத்தால் சமம். சமமானால் கடைசிச் சுற்றில் யார் அதிகமோ அவர்தான். அது நான்தான். ஒரே ஒரு தட்டு.

பின்னால் பானு கையைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றாள்.

"புல்!"

தட்டு இடது பக்கம் பாய்ந்தது. கீழ்க்குழல். தவறியது. விரலை விட்டேன், முழுசாக விட்டேன், சத்தியமாக விட்டேன். இழுத்தேன்.

ஒன்றுமில்லை.

தட்டு பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. ஆனால் இந்தத் தடவை திறக்கவில்லை. துப்பாக்கியை அப்படியே எதிரே நீட்டிப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். ஜெயசீலன் சார் வந்து வாங்கினார். குழியைப் பார்த்தபடியே விசையை இழுத்தார். செத்துக் கிடந்தது. திறந்தார். மேல்குழலில் தோட்டா வெடிக்காமல், துப்பாக்கி ஊசி குத்திய தடம்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

"துப்பாக்கிக் கோளாறு" என்று அறிவித்தார். "தட்டு மறுபடி குடுக்கறோம்."

எனக்கு உயிர் வந்தது. அவர் பக்கத்தில் வந்து நிதானமாகச் சொன்னார்.

"விதி தெரியுமில்லீங்களா மேடம். மொதக் குண்டு ஏற்கனவே தவறிப்போச்சு, அதுல மாத்தமில்ல. அதனால இப்பவும் மொதக் குண்டத் தட்டுக்குப் பக்கத்துல சுட்டுத் தவற விடோணும். ரெண்டாவது குண்டுல உடைச்சாத்தான் கணக்கு. மொதக் குண்டுலயே உடைச்சுட்டீங்கன்னா, லாஸ்ட், தட்டு போச்சுன்னு கணக்கு." மறுபடியும் ஒருதடவை சொன்னார். "தவற விடோணும்."

தெரியும் என்றேன். தவறவிடுவதில் என்ன கஷ்டம்? பதினோரு வருடமாக யாரும் கேட்காமலேயே செய்து வந்த காரியம்.

புதுத் தோட்டா இரண்டு போட்டேன். மேல்குழல் இந்தத் தடவை பேசுமா என்று ஒரு பக்கம் பயம். தட்டுக்கு மேலே ஒரு முழம் தள்ளிச் சுட வேண்டும், விரலை விட வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும். மனசுக்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டேன். கட்டையில் கன்னத்தை வைத்தேன்.

"புல்!"

தட்டு நேராகக் கிளம்பியது. கண் அதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே தள்ளு, மேலே தள்ளு என்று சொல்கிறேன், கை கேட்கவில்லை. எல்லாம் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சுலபமாக இருந்தது. விசை இழுபட்டதே எனக்குத் தெரியவில்லை. தட்டு நடு வானத்தில் பொடியாகி, கறுப்புத் தூளாக அப்படியே நின்றது. ஒரு சில்லுகூட மிச்சமில்லை. இந்த மைதானத்தில் நான் சுட்ட குண்டுகளிலேயே நல்ல குண்டு அதுதான்.

விதி தெரியாத எவனோ கை தட்டினான்.

"லாஸ்ட்" என்றார் ஜெயசீலன் சார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கிளப் செயலாளர் சம்சாரம் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கூடப் பொறந்தவளுக்காக விட்டுக் குடுத்துட்டீங்களே! அக்கான்னா இப்படியில்ல இருக்கோணும்!" கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பழைய ஆட்கள் இருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஜெயசீலன் சார்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தவறவிடப் பார்த்தேன், முடியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் எவளாவது சொல்லுவாளா?

பானுவைக் காணவில்லை. பஸ்ஸில் போய்விட்டாளாம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"எதுக்கு அடிச்ச?"

"எத?"

"நடிக்காத. தவற விடோணும்னு அவரு ரெண்டு தடவ சொன்னாரு, எனக்கே கேட்டுச்சு. தெரிஞ்சே அடிச்சிருக்கற. எனக்குப் பிச்ச போட்டயா? ஊரே உன்னயத் தெய்வம்ங்குது. உன்ற தங்கச்சி இனி எங்க போனாலும் அக்கா போட்ட பிச்சையில போறவ. எனக்கு வேண்டாம் அந்த எடம். நாளைக்கே எழுதிக் குடுத்துர்றேன், நீயே போ."

அழுகிறாளா கத்துகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

அவள் எழுதிக் கொடுத்தால் அடுத்தது நான். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்படியே சும்மா நின்றால் போதும். தெய்வம் மாதிரி நின்றால் போதும், பெட்டியோடு ரயிலேறலாம். ஜன்னலுக்கு வெளியே இவள் நின்று கையாட்டுவாள். அந்த ஒரு நிமிஷம் நான் அப்படித்தான் நின்றேன், எழுதுகிறபோது மறைப்பானேன்.

பிறகு அவள் மூஞ்சியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்த அதே மூஞ்சி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏய் லூசு! யாருடி உனக்குப் பிச்ச போட்டது? தவற விடத்தான் பாத்தேன். மேல தள்ளிச் சுடோணும்னு மூணு தடவ சொல்லிக்கிட்டேன். கை கேக்குல. அடிக்கோணும்னு நெனைக்கறப்ப எல்லாம் வராத குண்டு, வேண்டாங்கறப்ப வந்து தொலஞ்சுது. நேத்துக் கோயல்ல வெளக்குப் போட்டனே, எதுக்குன்னு நெனைக்கற? நீ தோக்கோணும்னுதான். உனக்கு விட்டுக் குடுக்கற அளவுக்கு நான் நல்லவ இல்லடி!"

பானு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அதை மட்டும் உடனே நம்பினாள்.